காடு திருத்தியோரும் காணியுரிமையும்

கடாரம் என்றவுடன் தமிழர் நெஞ்சில் முன்னிற்பது 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பே. ஜெராய் மலையடிவாரத்திலுள்ள மெர்போக் அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் அப்பழம்பெருமையையே எடுத்துரைப்பர். புக்கிட் பத்து பகாட்டில் சீரமைக்கப்பெற்ற பழங்கோயிலின் கல்லடித்தளம் அதற்குத் துணை நிற்கின்றது. ஆயின், இதே கெடா மண்ணில் தமிழருக்கு மற்றொரு வரலாறும் உண்டு.

1909இல் கெடா சயாமின் மேலாட்சியினின்று நீங்கிப் பிரிட்டிஷார் செல்வாக்கின்கீழ் வந்தது. அக்காலத்தையொட்டி ரப்பர்ப் பயிர் விரைந்து பரவிற்று. பெருங்காட்டை வெட்டிச் சாய்த்ததில் மலாய்க்காரர், சீனர் ஆகியோரின் உழைப்பும் கலந்திருந்தது. நிலத்தைத் திருத்திக் கன்று நட்டு, களையெடுத்து, பின்னர் பால்மரம் வெட்டியோரிற் பெரும்பாலோர் கங்காணிமார் அழைத்துவந்த தமிழரே. அவ்வாறு ஆள் சேர்ப்பது, இந்திய அரசு தடை விதித்த 1938 வரை நீடித்தது.

காடு திருத்தியவனுக்குக் காணி கிடைத்ததா? இவ்விடத்தில் அமெரிக்க நாட்டை ஒப்புநோக்குதல் நலம். அங்கு 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு நிலத்திற் குடியேறி ஐந்தாண்டு பயிரிட்டு வாழ்ந்தவருக்கு 160 ஏக்கர் வரை சொந்தமாயிற்று. அந்நிலத்தின் பெரும்பகுதி பழங்குடியினரிடமிருந்து கவரப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. அக்குடியேற்றத்தின் நினைவாக நெப்ராஸ்கா மாநிலத்தில் தேசிய வரலாற்றுப் பூங்கா ஒன்று உளது. கெடாத் தோட்டத்திலோ, முப்பதாண்டு உழைத்தவன் குடியிருந்த லயத்து வீடும் கம்பெனிக்கே உரியது. வேலை போயின் வீடும் போயிற்று.

இந்நிலையின் கொடுமை 1950களில் நன்கு வெளிப்பட்டது. ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடிச் சிறு சிறு பகுதிகளாக விற்றனர். தலைமுறையாக அங்கு வாழ்ந்தோர் வேலையும் உறைவிடமும் ஒருங்கே இழந்தனர். இதற்கு மாற்றாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளர் தம் கூலியிற் சிறுகச் சிறுகச் சேமித்துப் பங்கு வாங்கினர். அச்சங்கம் முதன்முதல் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் ஆகும்.

அமெரிக்கக் குடியானவன் பெற்றது தனக்கென ஒரு நிலம். இவர்கள் பெற்றது கூட்டுடைமையில் ஒரு பங்கு. முன்னதை அரசு வழங்கிற்று. பின்னதைத் தொழிலாளர் தாமே விலை கொடுத்து வாங்கினர். எனினும், கூலியாக வந்தவர் உடைமையாளராகவும் ஆகலாம் என்பது அன்று மெய்யாயிற்று.

தோட்டங்கள் பல இன்று வீட்டுமனைகளாகவும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகவும் மாறிவிட்டன. மெர்போக்கிற்குச் செல்லும் மாணவரிடம், அவர்தம் பாட்டனும் பாட்டியும் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் வாழ்ந்தனர் என்பதைக் கேட்டெழுதி வருமாறு ஆசிரியர்கள் பணித்தல் வேண்டும். சொல்லுதற்கு முதியோர் இருக்கும்போதே அதனைச் செய்தல் நன்று.