தொழிற் கணக்கும் தொழிலாளர் வாழ்வும்

1881 முதல் 2011 வரை நம் நாட்டில் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாது மக்கட்கணக்கு எடுக்கப்பட்டது. மக்கள் எத்தொழிலால் வாழ்கின்றனர் என்பதும் அதில் வகுத்துக் காட்டப்பெறும். வகுக்கும் முறை ஒரே நிலையில் நின்றதில்லை. 1951இல் பிழைப்பு வழிகள் எட்டு வகுப்புகளாயின. 1961இல் உழைப்போர் ஒன்பது பிரிவினராயினர். 2001இல் சாகுபடியாளர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழிலினர், ஏனையோர் என நான்கே பிரிவுகள். இப்பிரிவுகளுள் மனித வாழ்வு எவ்வளவு அடங்குகின்றது என்பதைக் கொச்சியின் மட்டாஞ்சேரியைக் கொண்டு ஆராய்வோம்.

மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளர் ஒரு காலத்தில் 'சாப்பா' எனும் உலோக வில்லையை நம்பி வாழ்ந்தனர். கங்காணிகள் கூட்டத்தை நோக்கி வில்லைகளை வீசுவர்; முட்டி மோதி எடுத்தவனுக்கே அன்று வேலை. இம்முறையை எதிர்த்துப் போராடியோர் மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீசார் சுட்டனர், உயிர்கள் பலியாயின. 1959இல் கொச்சித் துறைமுகத் தொழிலாளர்க்கெனச் சட்டத் திட்டம் வந்தது. தொழிலாளர் பெயர்கள் பதிவாயின. ஆயினும் 1951, 1961 ஆகிய இரு கணக்குகளிலும் அவர்கள் போக்குவரத்துப் பிரிவினரே. வில்லைக்குப் போராடியவனும் பதிவு பெற்றவனும் அங்கு வெறும் 'வேலையாள்'தான்!

அடுத்துள்ள கோட்டைக் கொச்சியில், 'வெளி' என்னுமிடத்தில், நம் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் படையினரின் உடைகளை வெளுக்க இவர்தம் முன்னோரை அழைத்து வந்தனர் என்பது அங்கு வழங்கும் செய்தி. 1976இல் கட்டப்பெற்ற சலவைக் கூடத்தில் இன்றும் கையாலேயே வெளுக்கின்றனர். குடும்பமாகச் செய்தாலும் இது 'வீட்டுத் தொழில்' ஆகாது; சலவையாளர், நாவிதர், வழக்கறிஞர், மருத்துவர் ஆகியோரைக் கணக்கின் விதி அப்பிரிவிலிருந்து விலக்கியுள்ளது. எனவே சலவைக் கல்லருகே நிற்கும் தந்தையும், கல்வி கற்று வங்கியில் அமரும் மகனும் 'ஏனையோர்' என்றே எண்ணப்படுவர். ஒரு தலைமுறை ஏறிவந்த படிகள் கணக்கில் தோன்றுவதில்லை.

இக்குறையை ஓரளவு தீர்க்கும் ஆய்வுகளும் உண்டு. 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, சொந்தத் தொழில், நிலையான சம்பளம், அன்றாடக் கூலி எனப் பிரித்து வினவுகின்றது. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வினா அயலானதன்று. என்ன வேலை என்பது ஒரு பாதி. நாளையும் அவ்வேலை உண்டா என்பது மறுபாதி. இரண்டையும் கேட்கும் கணக்கே உழைப்பவனை முழுமையாகக் காட்டும்.