நிரையும் நிறுவையும்

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் காதோர்ப் என்றொரு சிற்றூர் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்திருந்த ஊர் அது. 1963ஆம் ஆண்டு அவ்வூர் மதுச்சாலையொன்றில், உடல் தளர்ந்துவிட்டதென ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய, வாய்ப்பேச்சு பந்தயமாக முற்றியது. மறு ஆண்டு ஈஸ்டர் திங்களன்று தோளில் நிலக்கரி மூட்டையுடன் ஆடவர் தெருவில் ஓடினர். அவ்வோட்டம் இன்று உலகப் போட்டி எனப் பெயர் பெற்றுவிட்டது. ஆடவருக்கு 50 கிலோ மூட்டை. பெண்களுக்கு 20 கிலோ. ஓடவேண்டிய தூரம் 1012 மீற்றர்.

இத்தகைய போட்டிகள் உலகில் ஒன்றிரண்டல்ல. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட மலைகளில் வாழும் பாஸ்க் மக்கள், கிடத்திய மரத்தின்மேல் ஏறி நின்று தம் கால்களுக்கிடையே கோடரி பாய்ச்சி அதனைத் துண்டிப்பர். பாறையைத் தோளுக்குத் தூக்குவர். டஸ்மேனியத் தீவின் லற்றோப் நகரில் 1891இல் மரவெட்டிகளின் போட்டி முறையாக நடத்தப்பட்டது. ஏர் உழுவோருக்கு உலகப் போட்டி 1953இல் கனடாவில் தொடங்கியது. நியூசிலாந்தின் மாஸ்ரர்ட்டன் நகரில் 1961 தொட்டு ஆட்டு மயிர் கத்தரிப்போர் தங்கக் கத்தரிப் பரிசுக்காகப் போராடுகின்றனர். தமிழர்க்கும் இது புதிதன்று. முல்லைக்கலி கூறும் ஏறுதழுவல் ஆயர்தம் தொழிலிலிருந்து எழுந்த விளையாட்டேயன்றோ? ஊர்ப்புறத்து இளவட்டக்கல்லும் பாரம் தூக்கி வாழ்ந்தோரின் கல்லே.

விளையாட்டு என்றதும் அரசகுமாரர்களின் வில்லையும் குதிரையையும் நினைப்பதற்கே நமது பாடநூல்கள் பழக்கியுள்ளன. ஆயின் உழைப்பாளி தன் தொழிலையே விளையாட்டாக்கிய வரலாறு அதனினும் சுவையானது. கைத்திறன் முற்றியவன், கூலிக்காக அன்றி, தன் திறனைத் தானே கண்டு மகிழும் கணத்தில் அவ்விளையாட்டுப் பிறக்கின்றது.

இவ்விடத்தில் ஊவாவில் வாழும் நமக்கு ஒரு கேள்வி எழாமற் போகாது. பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளை மலைகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல்லாயிரம் பெண்கள் நாள்தோறும் கொழுந்து கொய்து வருகின்றனர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் அவ்விரல்களின் வேகத்தை நேரில் கண்டோர் அதனை வெறும் பழக்கம் என்று சொல்லமாட்டார். மட்டக்கம்பைச் செடிமேல் இட்டு, அதற்கு மேலெழுந்த தளிரை மட்டும், கண் ஒரு செடியிலும் கை மறு செடியிலுமாகக் கொய்வது கத்தரிப்போர் திறனுக்கும் மரவெட்டிகள் திறனுக்கும் எவ்வகையிலும் குறைந்ததன்று. அவ்வாறிருக்க, கொழுந்து கொய்தல் ஏன் அம்மக்களின் சொந்த விளையாட்டாக வளரவில்லை?

ஓய்வு இல்லை என்பது எளிய விடை. அது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. ஓய்வில்லாத அதே மக்கள் கோயில் முன்றிலில் சிலம்பம் சுழற்றினர். பிரட்டுக்களத்தில் சடுகுடு பாடினர். மாசியில் காமன்கூத்தாடி, எரிந்த கட்சி எரியாத கட்சியெனப் பிரிந்து இரவெல்லாம் லாவணியில் மோதினர். விளையாடும் மனம் லயங்களில் வற்றிவிடவில்லை.

விளையாட்டு ஊவாவில் அன்று யாருக்குரியதாகக் கருதப்பட்டது என்பதையும் சற்று நோக்குவோம். பதுளையில் துரைமாருக்குக் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. ஜிம்கானா கழகமும் றக்பியும் இருந்தன. 1900 ஓகஸ்டில் தென்னாபிரிக்கப் போரில் சிறைப்பட்ட போயர்கள் தியத்தலாவைக்குக் கொணரப்பட்டனர். ஏறத்தாழ ஐயாயிரம் பேர். மறு ஆண்டு யூலையில் அக்கைதிகளின் கிரிக்கெட் அணி கொழும்புக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கோல்ட்ஸ் கழகத்துடன் ஆடித் தோற்றது. அணித்தலைவரின் பெயரும் இரு தரப்பின் ஓட்டங்களும் அச்சில் உள்ளன. போயர்மீது நமக்குப் பொறாமையில்லை. சிறைப்பட்டவனும் விளையாட வேண்டியவனே. ஆயினும் பகைநாட்டுக் கைதியின் ஆட்டத்தைக் குறித்து வைத்த அதே காலத்து ஏடுகளில், சுற்றியுள்ள மலைகளின் சடுகுடுக்கு ஒரு வரியேனும் இடம் இருந்ததா?

நமது கேள்விக்கான விடையை நிறுவைக் களத்திலேதான் தேட வேண்டும்.

கொழுந்துக்காரி நிரையில் எவ்வளவு விரைந்து ஏறினாலும் தராசு அவளுடையதன்று. கூடைக்கென்று கழிவு, மழை நாளில் ஈரத்துக்கென்று கழிவு, இலை முற்றியிருப்பின் அதற்கொரு கழிவு. குறித்த இறாத்தல் சேர்ந்தால் ஒரு பேர், சேராவிடின் அரைப்பேர். இறாத்தல் போய்க் கிலோ வந்தது. பேர் என்னும் சொல் போகவில்லை. யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும்போது, ஊவாத் தேயிலைக்குரிய தனி மணம் பிறக்கின்றது. ஏலத்தில் அதற்கு விலையும் ஏறுகின்றது. அதே வறட்சியில் தளிர் குறுகுவதால் கூடை நிறைவதில்லை. தேயிலை உயர்ந்த விலை பெறும் திங்களில் அதனைக் கொய்தவளின் பேர் பாதியாவது எத்தகைய கணக்கு!

இதனினும் கொடியது ஒன்றுண்டு. ஒருத்தி தன் திறமையால் கூடுதலாகக் கொய்தால், நாளை அந்த அளவே எல்லார்க்கும் அளவாகலாம். கிழவியும் கருவுற்றவளும் நேற்று வேலைக்கு வந்த சிறுமியும் அவள் விரலின் வேகத்துக்கு விடை சொல்ல வேண்டியவராவர். வெற்றி தோழியரைத் தண்டிக்குமிடத்தில் எவள்தான் மனமுவந்து போட்டியிடுவாள்? தாய்மாரின் வேலையைப் பற்றி எழுதுமாறு வகுப்பில் கூறினால், நிரையில் அம்மாவே முதலில் ஏறுவார் என்று நம் மாணவர் பெருமையுடன் எழுதுவதுண்டு. எத்தனை கிலோ என்று எழுதும் பிள்ளை அரிது.

அவுஸ்திரேலியாவில் ஆட்டு மயிர் கத்தரிப்போரின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அவர்களும் ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவரே. சரியாகக் கத்தரிக்கப்படவில்லை எனப் பண்ணைக்காரன் ஓர் ஆட்டின்மேல் செங்காவிக் குறியிட்டால், அதற்குக் கூலி கிடையாது. நம் கணக்கப்பிள்ளையின் கழிவுக்கு அக்காவி அண்ணன் முறை! ஆனால் அவர்கள் கத்தரி அவர்களுடையது. ஒரு பண்ணை பிடிக்காவிடின் குதிரையேறி மறு பண்ணைக்குப் போகலாம். 1886இல் சங்கம் அமைத்தனர்; 1891இல் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் மறு ஆண்டு, 1892 ஒக்ரோபர் 10ஆம் நாள், குயின்ஸ்லாந்தில் ஜாக்கி ஹோவ் என்பவர் கைக்கத்தரி கொண்டு 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளின் மயிரைக் களைந்தார். அந்நாட்டு மக்கள் இன்றளவும் அவர் பெயரை மறக்கவில்லை. ஹோவ் உறுதியான சங்கவாதி என்பதை நாம் இங்கு அழுத்திக் கூற விரும்புகிறோம். தன் வேகம் தோழர்களுக்கு எதிரான ஆயுதமாகாது என்ற காப்பு இருந்தமையாற்றான் அவரது சாதனை தொழிலாளரின் பொதுப் பெருமையாயிற்று.

லயத்து மக்கள் நிலை இதற்கு மறுதலை. பெரிய கங்காணியிடம் கடன். துண்டு இல்லாமல் தோட்டம் மாற இயலாது. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஆணுக்கு நிகரான கூலி தோட்டத்துப் பெண்ணுக்குக் கிடைத்தது 1984இல். அதுவரை, ஆணிலும் விரைந்து கொய்தவளும் ஆணிலும் குறைந்த கூலியே பெற்றாள்.

முதலாளியின் தராசில்தான் இச்சிக்கல் என்று நாம் எளிதாக முடித்துவிட இயலாது. 1935 ஓகஸ்ட் 31ஆம் நாள் சோவியத் சுரங்கத் தொழிலாளி ஸ்டாக்கனோவ் ஒரே முறைவேலையில் 102 தொன் நிலக்கரி வெட்டியதாக அறிவிக்கப்பட்டது. விதித்த அளவின் பதினான்கு மடங்கு. தூண் நிறுத்துவோர் இருவர் அவருக்குத் துணை நின்றனர். அது உழைப்பாளியின் விளையாட்டு என்றே உலகெங்கும் முற்போக்காளர் கொண்டாடினர். ஆயின் 1936இல் பல தொழில்களில் வேலையளவு உயர்த்தப்பட்டது. தோழமை எண்ணத்தோடு நோக்கும் நமக்கும் இது கசப்பான செய்தியே. கசப்பென்பதற்காக மறைத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

அண்மை ஆண்டுகளில் இலங்கையின் தோட்டக் கம்பனிகள் சிறந்த கொழுந்துக்காரியைத் தேர்ந்தெடுக்கும் போட்டிகளை நடத்தி வருகின்றன. குறித்த நேரம், எடை, கொழுந்தின் தரம் என்று விதிகளும் உள்ளன. பரிசும் பாராட்டும் உண்டு. அங்கு வெற்றி பெறும் பெண்ணின் மகிழ்ச்சியைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. பெயரின்றிக் கிடந்த திறமைக்கு ஒருநாளேனும் பெயர் கிடைப்பது நன்றே. ஆனால் போட்டியை அழைப்பது யார், விதியை எழுதுவது யார், படத்தை வெளியிடுவது யார் என்று கேட்டுப் பாருங்கள்! காதோர்ப் மதுச்சாலையில் போட்டியை அழைத்தவன் சுரங்க முதலாளியல்லன்.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலி ஆயிரம் ரூபா என்று விதிக்கப்பட்டது. அதன் பின்னர் பல தோட்டங்களில் ஒரு பேருக்குரிய கொழுந்து 20 கிலோவாக உயர்த்தப்பட்டதென்று தொழிலாளர் போராடினர். காதோர்ப் பெண்கள் ஆண்டுக்கொரு நாள் சுமந்தோடும் மூட்டையும் அதே 20 கிலோ என்பது வாசகர் நினைவிலிருக்கும்.

இப்போது சில தோட்டங்களில் கொழுந்து கொய்யக் கத்தரியும் சிறு இயந்திரமும் புகுத்தப்பட்டுள்ளன. விரலின் வேகத்துக்கு வேலையில்லாத நாள் வந்தாலும் வரலாம். ஹோவின் 321ஐ 1950இல் ஒருவர் கடந்தார். அவர் கையில் இருந்தது இயந்திரக் கத்தரி. ஆகவே கைக்கத்தரிக் கணக்கையும் இயந்திரக் கணக்கையும் அத்தொழிலாளர் வேறுவேறாகவே எண்ணுகின்றனர். ஊவாவிலும் கைக்கணக்கு எழுதப்படாமலில்லை. நாள்தோறும், ஆள்தோறும், கழிவு போக எத்தனை இறாத்தல் என்று செக்ரோலில் எழுதப்பட்டேயிருந்தது.