நகர்ந்த புள்ளி

கடம்பூர்க் கரிசற்காட்டில் மழைக்குத்தான் பஞ்சம், விண்மீன்களுக்கில்லை. அவற்றைப் படமாக்கும் கலைக்குத் தமிழகத்தில் ஒரு வரலாறுண்டு.

1861இல் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன், ‘ஆசியா’ என்னும் சிறுகோளைத் தொலைநோக்கிவழிக் கண்ணாலேயே கண்டறிந்தார். 1988 பிப்ரவரி 17 அன்று சவ்வாது மலையிலுள்ள காவலூரில், 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி எடுத்த ஒளிப்படங்களின் துணையால் ஆர்.ராஜமோகன் மற்றொன்றைக் கண்டார். 4130 என்னும் எண்ணுடைய அதற்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

ஒரே வான்பகுதியைச் சற்று இடைவெளிவிட்டுப் படமெடுத்து ஒப்பிடுவார்கள். விண்மீன்கள் தத்தம் இடத்தில் நிற்கும். சிறுகோள் மட்டும் நகர்ந்திருக்கும்.

இன்று நாம் பல படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செம்மை செய்கிறோம். எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நில்லாததைப் பிழையெனக் கழிப்பது அதில் ஒரு வழி. செயற்கைக்கோள்களின் கோடுகள் அவ்வாறே மறைகின்றன. மங்கலான சிறுகோளும் அவற்றோடு மறைந்துவிடக்கூடும். ராஜமோகன் தேடியது எதுவோ அதுவே இங்குக் கழிவாகிறது!

பாடவேறுபாடுகளைக் காட்டாமல் பதிப்பித்த நூல்களால் நேர்ந்த இழப்பைத் தமிழ் பயின்ற நாம் அறிவோம். செம்மை செய்வதில் தவறில்லை. ஆனால் ஏடுகளைப் போலவே மூலப்படங்களையும் காத்து வைப்போம்.