உன்மாத சிகிச்சையும் சரீர ஹானியும்

சித்தம் கலங்கியோருக்குப் பரம்பரையாகச் செய்யப்பட்டுவரும் மந்திர, மருந்துப் பிரயோகங்களாலும், அவற்றை ஒட்டி வளர்ந்த காவல் முறைகளாலும் நோயாளியின் உடலுக்கு விளையும் கேடு. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் கொல்லங்கோடு, சித்தூர் முதலிய பாலக்காட்டு எல்லைப்புறத்தில் மலையாள மந்திரவாதம், ஆயுர்வேதம், தமிழ்நாட்டுக் கோயில், தர்கா வழிபாடு ஆகிய யாவும் கைக்கெட்டும் தூரத்திலிருப்பதால், இவ்விஷயம் அங்குள்ளோருக்கு அந்நியமானதன்று.

ஆயுர்வேத நூலான சரகசம்ஹிதை, சித்தக் கலக்கமாகிய உன்மாதத்தை வாதம், பித்தம், கபம், மூன்றும் கூடிய சன்னிபாதம், புறத்தேயிருந்து பற்றும் ஆகந்துகம் என ஐந்தாக வகுக்கிறது. கேரள வைத்தியர்கள் பிரமாணமாகப் போற்றும் அஷ்டாங்கஹிருதயமோ ஆகந்துகத்தை விடுத்து, மனத்துயரால் வருவதையும் விஷத்தால் வருவதையும் சேர்த்து ஆறாக்கி, பேய் முதலியன பற்றும் பூதபாதைகளைத் தனி அத்தியாயத்தில் பதினெட்டாகப் பிரிக்கிறது. அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூலிலும் பதினெட்டு உன்மாத வகைகளே பேசப்படுகின்றன. நெய், பேதியாகிய விரேசனம், மூக்கில் இடும் நசியம் ஆகியவற்றுக்கு அடங்காதவனைக் கட்டி இருட்டறையில் வைக்கவும், பல் பிடுங்கிய பாம்பைக் காட்டி வெருட்டவும், பூனைக்காலிச் சுணையோ காய்ந்த இரும்போ மேனியில் படச்செய்யவும் ஆயுர்வேத நூல்கள் இடங்கொடுக்கின்றன. உடல்நோவைக் காட்டிலும் உயிரச்சமே மனத்தை நிலைக்குக் கொண்டுவரும் என்பது அவற்றின் கருத்து. வைத்தியன் கையில் அளவோடு நின்ற இப்பிரயோகம், பேயோட்டுவோன் கைக்கு மாறியபோதுதான் அளவிழந்தது.

பிரம்படி, சூடு, பட்டினி, கண்ணையும் மூச்சையும் கெடுக்கும் மிளகாய்ப் புகை ஆகியன எங்கும் காணப்படுபவை. கேரளத்துச் சோற்றானிக்கரைக் கோயிலின் கீழ்க்காவிலுள்ள பாலைமரத்தில், பூதபாதை கொண்டவர் நெற்றியாலேயே ஆணியை அறைந்து இறக்குவர் என்பது வழக்கு. இவை யாவற்றினும் கொடியது சங்கிலி. வளையம் உராய்ந்து கணுக்காலில் தோல் கசியும். அதன்மேல் சுற்றிய கந்தல் வேர்வையிலும் மூத்திரத்திலும் நனைந்து காயாமற் கிடக்க, புண் சீழ்கொண்டு உள்ளிறங்கும். நடை கெட்டுக் கால் சூம்பும்.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் அடக்கமான தர்காவில், விளக்கெண்ணெயும் தீர்த்தமும் பெற்று, ஊர் திரும்பலாம் என்ற உத்தரவு கனவில் வரும்வரை தங்கியிருப்பது நோயாளிகளின் வழக்கம். மாதக்கணக்கில் உடனிருக்க இயலாத குடும்பத்தார் பணம் கொடுத்து விட்டுச்செல்லத் தனியார் காப்பகங்கள் தோன்றின. ஆட்செலவைக் குறைக்கவே அங்கே சங்கிலி வந்தது. வழிபாட்டில் அதற்கு இடமில்லை. 2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் மொய்தீன் பாதுஷா காப்பகத்துக் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, பிணைக்கப்பட்டிருந்தவர்கள் கூக்குரலிட்டும் அவிழ்ப்பாரின்றி, 28 பேர் மாண்டனர். 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தும் இது நிகழ்ந்தது. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அரசு அத்தகைய காப்பகங்களை மூடி, 500-க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் ஏற்றது.

கோயில்வாசம் முழுவதும் தீங்கென்று கொள்வது பிழை. திண்டுக்கல் மாவட்டத்து முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேருக்கு, மருந்தின்றியே நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்ததாக 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்விதச் சங்கிலியிடுதலையும் தடைசெய்கிறது. மூடநம்பிக்கைக் கொடுமைகளுக்கெதிராக மகாராஷ்டிரமும் கர்நாடகமும் தனிச்சட்டம் இயற்றியுள்ளன. கேரளத்தில் அஃது இல்லை. ஏர்வாடியில் இப்போது அரசு மனநல மருத்துவர்களும் மருந்து வழங்குகின்றனர்.