ரோந்துக் கப்பல்கள்: போர்க்காலப் பயன்பாடு

கடல் எல்லை, மீன்வளம், எண்ணெய்க் கிணறுகள், கப்பல் வழித்தடங்கள் ஆகியவற்றைக் காவல் காப்பதற்கென்று, ஒரு சிறிய பீரங்கியும் சில இயந்திரத் துப்பாக்கிகளும் மட்டும் பொருத்திக் கட்டப்படும் கடற்படைக் கலங்கள் ரோந்துக் கப்பல்கள் எனப்படும். கரையோரம் ஓடும் சிறு கலங்கள் முதல் 100 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஆழ்கடல் கப்பல்கள் வரை இவற்றில் பல வகை உண்டு. அமைதிக் காலத்தில் கடத்தல்காரர்களையும் கடற்கொள்ளையரையும் துரத்தும் இக்கப்பல்கள் போர் மூண்டால் எதற்கு உதவும் என்ற கேள்வி கடற்படைகளுக்குள் நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போர் முதல் நடந்த போர்கள் இதற்குத் தெளிவாகவே விடை சொல்கின்றன. இவை பெரிதும் உதவும். ஆனால் எதிரியின் விமானமும் ஏவுகணையும் எட்டும் கடலுக்குத் துணையின்றி அனுப்பினால், கப்பலும் அதிலுள்ள மாலுமிகளும் வீணாகப் பலியாவார்கள்.

அமைப்பு

பிரிட்டனின் ரிவர் வகைக் கப்பல்களில் முதல் மூன்றும் 20 மி.மீ. பீரங்கியுடன் கட்டப்பட்டன. பின்னர் வந்த 90 மீட்டர் நீளமுள்ள ஐந்து கப்பல்களில் 30 மி.மீ. பீரங்கி இருக்கிறது. இந்தியாவின் சுகன்யா வகைக் கப்பல் 101 மீட்டர் நீளமுள்ளது. அதன் முதன்மை ஆயுதம் ஒரு 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கி. உடல் பெரிது, ஆயுதம் சிறிது. இது குறை அன்று. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஆயுதத்துக்கும் அதை இயக்கும் கருவிகளுக்கும் செலவாகும் பணம், இடம், ஆட்கள் எல்லாம் இங்கே எரிபொருளாகவும் உணவாகவும் ஹெலிகாப்டர் தளமாகவும் மாறுகின்றன. வாரக்கணக்கில் கடலில் நிற்க முடிவது அதனால்தான்.

பல ரோந்துக் கப்பல்களில் விமானங்களைத் தாக்கும் ஏவுகணையோ, நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனாரோ கிடையாது. அடிபட்டால் தாங்கும்படி உடலைப் பல அறைகளாகப் பிரிப்பதிலும் தீயணைப்பு ஏற்பாடுகளிலும் அவை பெரிய போர்க்கப்பலுக்கு ஈடாகா. போர்க்காலத்தில் இந்தக் குறைகளை மறந்துவிடும் தளபதிகள் உண்டு. அவர்கள் தந்த விலை கீழே வருகிறது.

இரண்டாம் உலகப் போர்

1939இல் போர் நெருங்கியபோது பிரிட்டனிடம் வணிகக் கப்பல் அணிகளுக்குத் துணை செல்லப் போதிய கலங்கள் இல்லை. நாசகாரிக் கப்பல்களைக் கட்ட நேரமும் இல்லை. ஸ்மித்ஸ் டாக் நிறுவனம் தான் கட்டிய திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றின் அமைப்பைத் தழுவி, ரோந்துக் கப்பலைப் போன்ற ஒரு சிறு கலத்தை வடிவமைத்தது. போர்க்கப்பல் கட்டிப் பழகாத பட்டறைகளாலும் அதைக் கட்ட முடிந்தது. ஃபிளவர் வகைக் கார்வெட் எனப் பெயர்பெற்ற இக்கலம் 62 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 925 டன் எடையும் கொண்டது. ஒரு 102 மி.மீ. பீரங்கி, நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள், மணிக்கு 16 கடல்மைல் வேகம். நீர்மட்டத்தில் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கி அதைவிடச் சற்று வேகமாகவே ஓடியது! அலையில் இக்கப்பல்கள் ஆடிய ஆட்டத்தில் மாலுமிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆயினும் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஃபிளவர் கப்பல்கள் பிரிட்டனிலும் கனடாவிலும் கட்டப்பட்டு அட்லாண்டிக் கடலில் இறங்கின. தனித்தும் பிற கப்பல்களோடு சேர்ந்தும் அவை சுமார் 50 நீர்மூழ்கிகளை மூழ்கடித்தன. இந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது வேறொன்று. அணியின் பக்கத்தில் ஒரு காவல் கப்பல் இருந்தால் நீர்மூழ்கி நீருக்குள் போயாக வேண்டும், உள்ளே போனால் அதன் வேகம் பாதிக்கும் கீழே விழும், அணி தப்பிவிடும். எதிரியை அழிக்காமலேயே வேலை முடிந்துவிடுகிறது. ரோந்துக் கப்பலின் போர்க்காலப் பயனை அளக்க, அது சுட்ட குண்டுகளை எண்ணுவதால் பயனில்லை என்பதற்கு அட்லாண்டிக் போரே முதல் சான்று.

இந்துமாக் கடலில் நடந்த ஒரு மோதல் இன்னும் வியப்பானது. 1942 நவம்பர் 11 அன்று, ராயல் இந்தியக் கடற்படையின் ‘பெங்கால்’ என்ற சிறு கப்பல், டச்சு எண்ணெய்க் கப்பலான ‘ஒண்டினா’வுக்குத் துணையாக ஆஸ்திரேலியாவிலிருந்து டியாகோ கார்சியா நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் கட்டி முடித்துச் சில மாதங்களே ஆன கப்பல் அது. அதில் இருந்தது ஒரே ஒரு 76 மி.மீ. பீரங்கியும் சில சிறு ஆயுதங்களும்தான். கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ஜப்பானின் ‘ஹொக்கோக்கு மாரு’, ‘ஐக்கோக்கு மாரு’ என்ற இரு கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேற்பட்டது, 140 மி.மீ. பீரங்கிகள் பல கொண்டது.

‘பெங்கால்’ கப்பலின் தலைவர் வில்லியம் வில்சன் எண்ணெய்க் கப்பலை விலகிப் போகச் சொல்லிவிட்டு, தன் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். ‘ஒண்டினா’வின் பின்புறமிருந்த ஒற்றைப் பீரங்கியும் சேர்ந்துகொண்டது. சற்று நேரத்தில் ‘ஹொக்கோக்கு மாரு’ தீப்பிடித்து வெடித்து மூழ்கியது. அதைச் சாய்த்த குண்டு ‘ஒண்டினா’வினுடையது என்பதே பெரும்பாலோர் முடிவு. குண்டுகள் தீர்ந்துவரவே ‘பெங்கால்’ புகைத்திரைக்குள் விலகியது. அதன்பின் ‘ஒண்டினா’ டார்பிடோவால் தாக்கப்பட்டது. அதன் தலைவர் வில்லெம் ஹோர்ஸ்மன் உயிரிழந்தார். எஞ்சியவர்கள் படகுகளிலிருந்து திரும்பவும் கப்பலில் ஏறித் தீயை அணைத்து, ஃப்ரீமாண்டில் துறைமுகம் வரை ஓட்டிச் சென்றார்கள். ‘பெங்கால்’ டியாகோ கார்சியாவை அடைந்தது. பெரிய துணிச்சல்தான். ஆனால் இதை ஒரு போர்முறையாகக் கொள்ளக் கூடாது. ஜப்பானியரின் இரு கப்பல்களும் ஆயுதம் ஏற்றப்பட்ட பயணியர் கப்பல்கள், கவசமில்லாதவை. உண்மையான குரூசர் ஒன்று வந்திருந்தால் கதை வேறு.

ஃபாக்லாந்து, 1982

ஒரே போரில் இரு முடிவுகளையும் ஃபாக்லாந்தில் காணலாம். பிரிட்டனின் ‘லீட்ஸ் காசில்’, ‘டம்பார்ட்டன் காசில்’ ஆகிய இரு ரோந்துக் கப்பல்களும் கடற்படைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆளுக்கொரு 40 மி.மீ. பீரங்கி. அவற்றைச் சண்டைக்கு அனுப்பவில்லை. அசென்ஷன் தீவுக்கும் தெற்கு ஜார்ஜியாவுக்கும் போர்க்களத்துக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் தபாலையும் சுமந்தன. இந்த வேலையை யாரும் பாடிப் புகழவில்லை. அதைச் செய்ய ஒரு பெரிய போர்க்கப்பல் பிரிந்து போயிருந்தால் விமானந்தாங்கிகளின் காவலில் ஓர் ஓட்டை விழுந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்தில், மே 1 அன்று வீழ்த்தப்பட்ட ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வீரர்களைத் தேட அர்ஜென்டினா ‘அல்ஃபெரெஸ் சோப்ரால்’ என்ற கப்பலை அனுப்பியது. பழைய இழுவைக் கப்பல் ஒன்றை ரோந்துப் பணிக்கு மாற்றியிருந்தார்கள். மே 3 அதிகாலையில் பிரிட்டிஷ் ஹெலிகாப்டர்கள் ஏவிய சீ ஸ்குவா ஏவுகணைகள் அதன் கட்டளை மேடையைச் சிதைத்தன. தலைவர் உட்பட எட்டுப் பேர் மாண்டார்கள். நொறுங்கிய கப்பல் எப்படியோ கரை சேர்ந்தது. மே 22 அன்று, கூஸ் கிரீனுக்குப் பீரங்கிகளை ஏற்றிச் சென்ற ‘ரியோ இகுவாசு’ என்ற கடலோரக் காவல் கலத்தைச் சீ ஹாரியர் விமானங்கள் பகலில் தாக்கிக் கரையொதுங்க வைத்தன. இரு தரப்புக் கலங்களின் ஆயுத பலத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. வானம் யார் கையில் இருந்தது என்பதே வேறுபாடு.

இலங்கைக் கடல்

1994 செப்டம்பரில் மன்னார்க் கடலில் இலங்கைக் கடற்படையின் ‘சாகரவர்தன’ ரோந்துக் கப்பல், கடற்புலிகளின் வெடிமருந்து நிரப்பிய படகுகள் மோதி மூழ்கியது. அதன் தலைவர் அஜித் போயகொட சிறைபிடிக்கப்பட்டு 2002 வரை புலிகளின் காவலில் இருந்தார். கரையோரத்தில், வேகமான சிறு படகுகளுக்கு எதிரே, மெதுவான ரோந்துக் கப்பல் எத்தனை எளிய இலக்கு என்பதை அந்த இரவு காட்டியது.

2007இல் அதே கடற்படை ரோந்துக் கப்பல்களைத் திறந்த பெருங்கடலுக்குக் கொண்டுசென்றது. ‘சயுர’ இந்தியா 2000இல் கொடுத்த சுகன்யா வகைக் கப்பல். ‘சமுதுர’ அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் பழைய கப்பல். புலிகளுக்கு ஆயுதங்கள் கொண்டுவந்து, கரைக்கு வராமல் நடுக்கடலிலேயே மிதந்துகொண்டிருந்த சரக்குக் கப்பல்களை இவை தேடிப் போயின. செப்டம்பரில் மூன்று கப்பல்களும், அக்டோபரில் வெகு தெற்கே மேலும் ஒன்றும் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றில் இருந்தவர்களும் மாண்டார்கள். இத்தனை தொலைவுக்குப் போகப் பெரிய பீரங்கி தேவைப்படவில்லை. எரிபொருள் கொள்ளளவும், இலக்கு எங்கே என்ற உளவுத் தகவலும், வானில் எதிரி இல்லாத நிலையும் தேவைப்பட்டன. கடல் வழியான ஆயுத வரத்து அறுந்ததன் விளைவு வன்னிப் போரில் தெரிந்தது. இலங்கைப் போரின் போக்கை மாற்றிய கடல் நடவடிக்கை எது என்றால், இக்கட்டுரையாளர் தயங்காமல் இதையே குறிப்பிடுவார்.

கருங்கடல்

ரஷ்யாவின் 22160 திட்டக் கப்பல்கள் 94 மீட்டர் நீளமும் 76 மி.மீ. பீரங்கியும் கொண்டவை. 2023 ஆகஸ்ட் 13 அன்று அவ்வகையைச் சேர்ந்த ‘வசீலி பீக்கொவ்’ உக்ரைனின் இஸ்மயில் துறைமுகம் நோக்கிச் சென்ற ‘சுக்ரு ஓக்கான்’ என்ற சரக்குக் கப்பலை எச்சரிக்கைச் சூடு நடத்தி நிறுத்தி, ஆட்களை ஏற்றிச் சோதனையிட்டது. முற்றுகைக்கு ரோந்துக் கப்பல் எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு இது நேரடிச் சான்று. ஆனால் விமான எதிர்ப்புப் பாதுகாப்பு போதாமல், தரைப்படையின் டோர் ஏவுகணை வண்டியொன்றை அதே கப்பலின் பின்தளத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். 2024 மார்ச் 5 அன்று, கெர்ச் நீரிணைக்கு அருகே, உக்ரைனின் ஆளில்லாத மகுரா படகுகள் ‘செர்கேய் கோட்டொவ்’ கப்பலை மூழ்கடித்தன. அது கடற்படையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக ஓடியிருக்கவில்லை. மன்னாரில் நடந்ததும் இதுவும் அடிப்படையில் ஒரே வகைத் தாக்குதல். இப்போது படகில் ஆள் இல்லை.

இந்திய அனுபவம்

ஆப்கானிஸ்தான் போரை ஒட்டி, 2002இல் மலாக்கா நீரிணை வழியாகச் சென்ற அமெரிக்கக் கப்பல்களுக்கு ‘சுகன்யா’, ‘சாரதா’ ஆகிய இந்திய ரோந்துக் கப்பல்கள் வழிக்காவல் செய்தன. 2015இல் ஏமன் போரின்போது ‘சுமித்ரா’ ஏடன் துறைமுகத்தில் நுழைந்து சுமார் 350 பேரை ஜிபூட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2023இல் சூடான் சண்டையிலிருந்து முதல் தொகுதியாக 278 இந்தியரை மீட்டுச் சவுதி அரேபியாவின் ஜித்தாவில் இறக்கியது ‘சுமேதா’. குண்டு விழும் துறைமுகத்தில் மக்கள் காத்திருக்கையில், அருகிலேயே ஒரு கப்பல் ஏற்கெனவே நிற்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை அந்தக் குடும்பங்கள் அறியும்.

ரோந்துக் கப்பலைப் பெரிய போர்க்கப்பலுக்கு மாற்றாகக் கணக்கிட்டு, கடற்படையின் பலத்தைக் கப்பல் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது ஆபத்தானது. அதற்காக, அதன்மேல் ஏவுகணைகளை ஏற்றிக்கொண்டே போவதும் தீர்வாகாது. விலை ஏறும், எண்ணிக்கை குறையும், கடலில் நிற்கும் நாட்களும் குறையும். நல்ல ரேடார், ஹெலிகாப்டர், விரைந்து வரும் சிறு படகுகளையும் ஆளில்லா விமானங்களையும் வீழ்த்தும் துப்பாக்கிகள், பயிற்சி பெற்ற மாலுமிகள் ஆகியவற்றுக்குச் செலவிடுவதே தகும். 2023 மார்ச்சில் இந்தியா ரூ.9,781 கோடி மதிப்பில் 11 புதிய ஆழ்கடல் ரோந்துக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் செய்தது. ஏழு கோவாவிலும் நான்கு கொல்கத்தாவிலும் கட்டப்படுகின்றன.