ஜூன் 24: மெல்லிசை வரலாற்றில் ஒரு நாள்

கவிஞர் கண்ணதாசன் 1927ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று பிறந்தார். அடுத்த ஆண்டு அதே தேதியில் எம்.எஸ். விசுவநாதன் பிறந்தார். தமிழ்த் திரைப்பாட்டின் பொற்காலம் என்று எதைச் சொன்னாலும் அதில் பெரும்பங்கு இந்த இருவருடையது. 1935இல் இதே தேதியில், டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெலும் அவருக்குப் பாட்டெழுதிய அல்ஃபிரேதோ லெ பெராவும் ஒரே விமான விபத்தில் இறந்தார்கள். சொல்லையும் மெட்டையும் பிரிக்க முடியாதபடி சேர்த்துவைத்த இரண்டு இணைகள் ஒரே தேதியில் சந்திப்பதுதான் இந்த நாளின் தனிச்சிறப்பு. தமிழர் வழக்கப்படி நட்சத்திரம் பார்த்துப் பிறந்தநாள் கொண்டாடினால் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் நாள் வேறாகிவிடும். அவர்களைச் சேர்த்தது ஆங்கில நாட்காட்டிதான்.

கண்ணதாசனின் ஊர் காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுகூடல்பட்டி. நகரத்தார் குடும்பம்; இயற்பெயர் முத்தையா. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. விசுவநாதன் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளி. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கண்ணூரில் தாத்தாவின் நிழலில் வளர்ந்தார். அங்கே நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றார். செட்டிநாட்டுக்காரரையும் பாலக்காட்டுக்காரரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது ஜூபிடர் பிக்சர்ஸ். விசுவநாதன் அங்கே எடுபிடிப் பையனாக நுழைந்து, எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவில் ஆர்மோனியத்தின் அருகே இடம்பிடித்தார். இதழாசிரியராக இருந்த கண்ணதாசன் தம் முதல் திரைப்பாட்டை எழுதியது அதே நிறுவனத்தின் ‘கன்னியின் காதலி’ (1949) படத்துக்கு.

1952இல் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் இளவயதில் காலமானார். அவர் பாதியில் விட்ட வேலைகளை, அவருடைய குழுவிலிருந்த விசுவநாதனும் வயலின் கலைஞர் டி.கே. ராமமூர்த்தியும் சேர்ந்து முடித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘விசுவநாதன்–ராமமூர்த்தி’ என்ற பெயர். அந்தப் பெயரில் வந்த முதல் படமான ‘பணம்’ (1952) என்.எஸ். கிருஷ்ணன் இயக்கியது. தயாரித்த ஏ.எல். சீனிவாசன், கண்ணதாசனின் அண்ணன். கண்ணதாசன் தாமே தயாரிப்பாளராகி ‘மாலையிட்ட மங்கை’ (1958) எடுத்தபோது இசைக்கு அழைத்ததும் இவர்களைத்தான்.

பிறகு வந்த ஆறேழு ஆண்டுகளைப் போன்ற காலம் தமிழ்த் திரையிசையில் அதற்கு முன் இருந்ததில்லை. ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’ மூன்றும் 1961 என்ற ஒரே ஆண்டில் வந்தவை. ‘பாசமலர்’ படத்தின் தாலாட்டு, அண்ணன் தங்கை உறவுக்கே தமிழ்நாட்டில் அடையாளமாகிவிட்டது. ‘கர்ணன்’ (1964) படத்தில், சாகக் கிடக்கும் வீரனிடம் கண்ணன் வந்து நிற்கிறான். சக்கரவாக ராகத்தில் சீர்காழி கோவிந்தராஜனின் குரல் எழுகிறது. பாரதக் கதையின் பழைய வழக்கு ஒன்றுக்கு, சில வரிகளுக்குள் கர்ணன் பக்கம் தீர்ப்பெழுதுகிறார் கண்ணதாசன். அந்தத் தீர்ப்பை நெஞ்சில் இறக்குவது மெட்டு. அதே ஆண்டில் இவர்களே ‘காதலிக்க நேரமில்லை’ படத்துக்குத் துள்ளலான மேற்கத்தியப் பாணியில் பாடல்கள் தந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

இரட்டையர் 1965இல் பிரிந்தார்கள். விசுவநாதன் தனியாக இசையமைத்தபோதும் கண்ணதாசனின் பாட்டு அவரோடு தொடர்ந்தது. மெட்டுக்குப் பாட்டு, பாட்டுக்கு மெட்டு என்று இரண்டு வழியிலும் அவர்கள் வேலை செய்தார்கள். விசுவநாதன் ஆர்மோனியத்தில் சந்தத்தைத் தத்தகாரமாகப் பாடிக்காட்டுவார். கண்ணதாசன் வரிகளை வாயால் சொல்லிக்கொண்டே போவார். எழுதிக்கொள்வது பெரும்பாலும் உதவியாளர். அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம் பல ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். இந்தக் ‘கம்போசிங்’ எப்படி நடந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) படத்தைப் பார்க்கலாம். அதில் கதாநாயகி சந்தத்தைப் பாட, கதாநாயகன் உடனுக்குடன் சொற்களை வைத்து நிரப்புகிறான். பாட்டெழுதும் வேலையே ஒரு காதல் காட்சியாகிவிட்டது. எழுதியவர் கண்ணதாசன், இசை விசுவநாதன். தங்கள் அன்றாட உழைப்பையே அவர்கள் திரையில் வைத்தது போலத் தோன்றும்.

சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருது முதன்முதலாகக் கண்ணதாசனுக்குத்தான் கிடைத்தது, ‘குழந்தைக்காக’ (1968) படத்துக்கு. அந்தப் படத்தின் இசையும் விசுவநாதனுடையது. விசுவநாதனுக்கோ தேசிய விருதோ பத்ம விருதோ கடைசிவரை வரவில்லை. இது தமிழிசை ரசிகர்களுக்கு ஆறாத வருத்தம். ஆனால் மனோன்மணீயம் சுந்தரனாரின் வாழ்த்துப் பாடலுக்கு மோகன ராகத்தில் அவர் அமைத்த மெட்டு, 1970 முதல் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அரசு விழாக்களிலும் ஒலிக்கிறது. யார் மெட்டு என்று அறியாமலே அதைப் பாடி வளர்ந்தவர்கள் கோடிக்கணக்கானோர்.

கண்ணதாசன் 1981 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் காலமானார், வயது 54. விசுவநாதன் அதற்குப் பிறகு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 87ஆம் பிறந்தநாள் கழிந்து மூன்று வாரத்துக்குள், 2015 ஜூலை 14 அன்று சென்னையில் மறைந்தார்.

கார்தெல்–லெ பெரா இணையின் காலம் இதைவிட மிகச் சிறியது. 1917இல் கார்தெல் பதிவு செய்த ‘மி நோச்செ திரிஸ்தே’, ஆடுவதற்கான இசையாக இருந்த டாங்கோவைப் பாடிக் கேட்கும் பாட்டாக மாற்றியது. 1930களில் பாரமவுண்ட் நிறுவனத்துக்காகப் பாரிசுக்கு அருகிலும் நியூயார்க்கிலும் ஸ்பானிய மொழிப் படங்கள் எடுத்தபோது, கதையும் பாட்டும் எழுத லெ பெரா சேர்ந்தார். புவெனஸ் ஐரிஸ் சேரி வழக்கில் ஊறியிருந்த டாங்கோவை, ஸ்பானியம் பேசும் எந்த நாட்டாருக்கும் புரியும் மொழிக்கு அவர் கொண்டுவந்தார். கார்தெலுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் மெட்டை முணுமுணுக்க, தெரிக் துச்சி போன்ற இசைஞர்கள் எழுதிக்கொண்டார்கள். ‘தாங்கோ பார்’ படத்துக்காக இருவரும் படைத்த ‘போர் உனா கபேசா’, 1992இல் ‘சென்ட் ஆஃப் எ வுமன்’ என்ற ஹாலிவுட் படத்தின் நடனக் காட்சியில் ஒலித்து, டாங்கோவே அறியாதவர்களின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதைப் பார்க்க அவர்கள் இல்லை. இசைப்பயணத்தின் நடுவில், கொலம்பியாவின் மெடெயீன் விமான நிலையத்தில் அவர்கள் ஏறிய விமானம் ஓடுபாதையில் தடம் விலகி, புறப்படக் காத்திருந்த மற்றொரு விமானத்தில் மோதித் தீப்பற்றியது. கித்தார் கலைஞர் கில்யெர்மோ பார்பியெரியும் அங்கேயே இறந்தார்.

மேற்கத்திய ராக் இசைக்கும் இந்தத் தேதியில் இரண்டு பிறந்தநாள்கள் உண்டு. இங்கிலாந்தின் கித்தார் மேதை ஜெஃப் பெக் 1944இலும், ‘ஃப்ளீட்வுட் மேக்’ குழுவின் டிரம் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட் 1947இலும் பிறந்தார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 24 அன்று காரைக்குடியிலுள்ள கவியரசர் மணிமண்டபத்தில் அரசு சார்பில் கண்ணதாசன் சிலைக்கு மாலை அணிவிக்கிறார்கள். வானொலிகளில் அன்று அவருடைய பாட்டு ஒலிக்கும்போது, பாதி நேரம் அது விசுவநாதனின் பாட்டாகவும் இருக்கிறது. புவெனஸ் ஐரிஸின் சாக்கரீத்தா கல்லறைத் தோட்டத்தில் கார்தெலின் வெண்கலச் சிலை சிரித்தபடி நிற்கிறது. அங்கே வரும் ரசிகர்கள் சிலையின் விரல்களுக்கிடையே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துச் செருகிவிட்டுப் போகிறார்கள்.