அடுக்களை தந்த அறிவியற்கொடை

தீபாவளித் திருநாளன்று மலேசியத் தமிழர் இல்லங்களில் முறுக்கும் அதிரசமும் நிறைந்த தட்டின் அருகே, வண்ணத் துண்டங்களாக ‘அகர் அகர்’ வீற்றிருப்பதைக் காண்கிறோம். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொணர்ந்த பண்டமன்று இது. இந்த மண்ணில், அண்டை வீட்டாரோடு பழகிக் கற்றது. தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி, இன்று நம் குடும்பச் சொத்தாகவே ஆகிவிட்டது.

செய்முறை மிக எளிது. முக்கால் லிட்டர் நீரில் 10 கிராம் அகர் தூளைக் கலந்து, முடிந்த பாண்டான் இலையொன்றையும் இட்டுக் கொதிக்கவிட வேண்டும். தூள் முற்றும் கரைந்தபின் குலா மலாக்கா, ஒரு கோப்பைத் தேங்காய்ப்பால், சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறித் தட்டில் ஊற்றினால் போதும். சுடுவதற்கு அடுப்புப்பெட்டி வேண்டா. நம் நாட்டு வெப்பத்திலேயே அது தானாக உறைந்துவிடும்.

இவ்வியல்பிலேதான் அதன் வரலாற்றுச் சிறப்பு அடங்கியுள்ளது. கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகர், ஏறத்தாழ 40 பாகை செல்சியசுக்குக் கீழே உறைகிறது. உறைந்தபின் மீண்டும் உருக ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும்.

1881ஆம் ஆண்டில், செருமானிய மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸே, பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றினார். நுண்ணுயிர்களைத் தனித்தனியே வளர்த்துக் காண, அந்நாளில் விலங்கின் எலும்பிலும் தோலிலுமிருந்து பெறும் ஜெலட்டினைப் பயன்படுத்தினர். கோடை வெப்பத்தில் அஃது உருகியது. சில நுண்ணுயிர்கள் அதைக் கரைத்து நீராக்கின. ஆய்வுகள் பாழாயின.

வால்தரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, 1850இல் நியூயார்க்கில் பிறந்தவர். கணவரின் ஆய்வில் துணை நின்று, நுண்ணுயிர்களின் படங்களையும் வரைந்தவர். ‘நீ செய்யும் பழக்கூழ் மட்டும் கோடையிலும் உருகாதிருப்பது எவ்வாறு?’ என வினவிய கணவருக்கு, அவர் அகரைச் சுட்டினார். சாவகத்தில் வாழ்ந்து திரும்பிய டச்சு அண்டை வீட்டாரிடமிருந்து தம் இளமையில் கற்ற சமையல் நுட்பம் அது! சாவகத்து அடுக்களை வழக்கம் நியூயார்க் சென்று, பெர்லின் ஆய்வகத்துள் புகுந்தது.

1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், கோக் அகரைக் குறிப்பிட்டார். அதனை அறிவித்த ஃபேனியின் பெயரையோ குறிப்பிடவில்லை. 1887இல் அறிமுகமான வட்டக் கண்ணாடித் தட்டு, ‘பெட்ரி தட்டு’ எனப் பெட்ரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தட்டிற்குள் இருக்கும் அகருக்கோ ஃபேனியின் பெயர் வாய்க்கவில்லை. அவர் 1934இல் மறைந்தார். 1939இல் ஹிச்சன்ஸ், லைக்கைண்ட் என்னும் இருவர் எழுதிய கட்டுரையே அவர்தம் பங்கினை அறிவியலுலகுக்கு எடுத்துரைத்தது. இன்றும் உலகெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் நுண்ணுயிர் வளர்வது அகரின்மேல்தான். ‘அகர்’ என்னும் சொல்லும் மலாய் மொழி தந்ததே.

ஆசிரியப் பெருமக்களே! ஏட்டில் ஏறியது மட்டுமே வரலாறு எனக் கொள்வோமாயின், எத்தனையோ அன்னையரின் அறிவு பெயரின்றியே அழிந்துபோகும். ஃபேனிக்கு முன்னர் அதைச் சமைத்த சாவகத்துப் பெண்களின் பெயர்களை எவரே அறிவார்? ஆதலின், மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பண்டம் ஒன்றின் செய்முறையை எழுதிவரட்டும். அளவோடு நின்றுவிடாமல், ‘இதனை யார் கற்பித்தார்? அவர் யாரிடம் கற்றார்? எவ்வூரில் கற்றார்?’ என்பனவற்றையும் கேட்டெழுதச் செய்வோம். பாட்டியின் பெயர் பேரப்பிள்ளையின் ஏட்டில் பதியும் அந்நாளே, அவன் வரலாற்று மாணவனாகும் நாளாகும்.